குடுமி, குப்பாயம், வெள்ளுடை: தமிழ்க் கிறிஸ்தவரின் அடையாளம் எங்கே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் வேளச்சேரி சாலையில், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் நின்று பார்த்தால், எதிரே வருகிறவர் எந்தச் சபைக்குப் போகிறார் என்பதை உடையை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். பட்டுப்புடவையும் மல்லிகைச் சரமும் கழுத்தில் தாலிச் சங்கிலியுமாக வருகிற குடும்பம் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கோ கத்தோலிக்க ஆலயத்துக்கோ போகிறது. வெள்ளைப் புடவை, வெள்ளைச் சட்டை, காதிலும் கழுத்திலும் குன்றிமணித் தங்கம்கூட இல்லாமல் வருகிறவர்கள் பெந்தெகொஸ்தே சபையார். ஜீன்ஸும் டி-சர்ட்டுமாகக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற இளைஞர் கூட்டம், வாடகை மண்டபத்தில் நடக்கும் ஆங்கில ஆராதனைக்குப் போகிறது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்த ஐந்து நகராட்சிகளில் செம்பாக்கமும் ஒன்று. ஏரியையும் வயலையும் சுற்றியிருந்த கிராமங்கள், தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் புறநகராகிவிட்டன. சொந்த ஊரில் ஒருவரை அவருடைய தாத்தா பெயரைச் சொல்லித் தெரிந்துகொள்வார்கள். புறநகரில் பக்கத்து வீட்டாருக்குத் தாத்தாவையும் தெரியாது, ஊரையும் தெரியாது. அங்கே கண்ணுக்குத் தெரிவதே ஆளாகிவிடுகிறது. ஆகவே, கிறிஸ்தவர் ஒருவர் தன்னை யார் என்று எதைக் கொண்டு அறிகிறார், தோற்றத்தைக் கொண்டா விசுவாசத்தைக் கொண்டா என்ற கேள்வி இத்தகைய இடத்தில்தான் கூர்மையாக எழுகிறது. தமிழகத்தில் இதற்கு நானூறு ஆண்டு வரலாறு உண்டு.

தமிழில் "அடையாளம்" என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒருவர் யார் என்பதும் அடையாளம், அவரை இன்னாரென்று பிறர் கண்டுகொள்ள உதவும் குறியும் அடையாளம். அடையாள அட்டையில் இருப்பது இரண்டாவது. "என் அடையாளத்தை இழந்துவிட்டேன்" என்று ஒருவர் கலங்கும்போது சொல்வது முதலாவது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான் இந்த விவாதம் முழுவதிலும் உள்ள சிக்கல். வேதாகமம் இரண்டையும் பிரித்தே பேசுகிறது. ஈசாயின் பிள்ளைகளில் உயரமும் முகக்களையும் உள்ள மூத்தவனைச் சாமுவேல் அபிஷேகம் செய்ய நினைத்தபோது, மனிதர் முகத்தைப் பார்க்கலாம், கடவுள் இருதயத்தையே பார்க்கிறார் என்ற திருத்தம் அவருக்குக் கிடைத்தது. யாக்கோபு, சபைக்குள் பொன்மோதிரத்தோடு வருகிறவனுக்கு நல்ல இருக்கையும் கந்தலோடு வருகிறவனுக்குத் தரையும் காட்டுவதைக் கண்டித்தார். கலாத்தியருக்குப் பவுல் எழுதியதோ இன்னும் ஆழமானது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவையே ஆடையாக உடுத்தியவர்கள் என்கிறார் அவர். யூதன், கிரேக்கன், அடிமை, சுதந்தரன், ஆண், பெண் என்ற வரிசை எதுவும் இனி அவர்களை அளக்கும் கோலாகாது என்பது அவர் முடிவு. ஆடைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளுகிற இடத்தில் பவுல் ஆடையையே உவமையாக எடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. மனிதன் எதையாவது உடுத்தாமல் இருக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும். கேள்வி, எது முதல் ஆடை என்பதே.

இந்தக் கேள்வியைத் தமிழ் மண்ணில் முதலில் பெரிதாக எழுப்பியவர் இத்தாலியச் சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி. 1606-ல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே அங்கே இருந்த அதே சபைக் குரு கொன்சாலோ பெர்னாண்டஸ், முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பணி செய்தார். மதுரைவாசிகளில் ஒருவரையும் சேர்க்க முடியவில்லை. காரணத்தை தெ நொபிலி சீக்கிரமே கண்டுகொண்டார். கிறிஸ்தவராவது என்றால் "பரங்கி குலத்தில்" சேர்வது என்றே மக்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். பரங்கி என்றால் போர்ச்சுக்கீசியரின் உடை, மாட்டிறைச்சி, மது. விசுவாசத்தின் பெயரே ஒரு வெளித்தோற்றத்தின் பெயராகிவிட்டிருந்தது. அவர் காவி உடுத்தார், மரக்கட்டைப் பாதுகை போட்டார், மரக்கறி உண்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமணர்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விடவேண்டியதில்லை, அவை சமூக வழக்கத்தின் குறிகள், வழிபாட்டின் குறிகள் அல்ல என்று வாதிட்டார். பெர்னாண்டஸ் எதிர்த்து எழுதினார். கோவாவில் விசாரணை நடந்தது. இறுதியில் 1623 ஜனவரி 31-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூட நம்பிக்கை கலவாத வரையில் அந்தக் குறிகளை அனுமதித்தார். விசுவாசம் ஓர் ஆடையோடு பிறந்து ஓர் ஆடையோடு வாழவேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய ஒப்புதல் வேறில்லை.

ஆனால் தெ நொபிலியின் வெற்றிக்குள்ளேயே ஒரு தோல்வியும் இருந்தது. அதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது. அவர் பிராமணச் சந்நியாசியின் தோற்றத்தை ஏற்றதால், ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களோடு வெளிப்படையாகப் பழகுவது அவருக்கு முடியாததாயிற்று. சில பத்தாண்டுகளில் அவர்களுக்கென்று தனியாகப் பண்டாரசாமிகள் என்ற குருக்கள் வரிசை ஏற்பட்டது. ஒரே விசுவாசம், இரண்டு உடை, இரண்டு வாசல். பூணூல் வெறும் சமூகக் குறி என்ற அவர் வாதத்தைத் தர்க்கப்படி ஏற்கலாம். ஆனால் சமூகக் குறி என்றால் குற்றமற்றது என்றாகிவிடாது. ஒருவருடைய தோளில் கிடக்கும் நூல் இன்னொருவரைத் தீண்டத்தகாதவர் என்று சொல்லாமல் சொல்லுமானால், அது வழிபாட்டுக் குறியாக இல்லாவிட்டாலும் சுவிசேஷத்துக்கு எதிரான குறிதான். எந்தக் குறியையும் எடைபோட, "இது எந்த மதத்திலிருந்து வந்தது?" என்ற கேள்வி போதாது என்று இந்த வரலாறு காட்டுகிறது. "இதை நான் அணியும்போது யார் தாழ்கிறார்?" என்றும் கேட்டாக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்தச் சபைகளில் இதே வழக்கு வேறு வடிவில் வந்தது. 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு முற்றாக ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மிஷனரிமாரின் புதுமைகளை எதிர்த்து எழுதியவற்றில் நான்கு புகார்கள் முன்னிற்கின்றன: வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதிகளை ஒன்றாக்க வற்புறுத்தியது, விழாக்களில் பூவை விலக்கியது, ஆராதனையில் தமிழ் இசையை ஒதுக்கியது. இந்த நான்கையும் ஒரே மூட்டையாக அவர் கட்டினார். மிஷனரிமாரும் ஒரே மூட்டையாகவே எதிர்த்தார்கள். என் பார்வையில் இரு தரப்பும் அங்கேதான் தவறினார்கள். பூவும் தமிழ் இசையும் யாரையும் தாழ்த்துவதில்லை. அவற்றைப் பறித்தது ஐரோப்பியத் தோற்றத்தை விசுவாசத்தின் இடத்தில் வைத்த செயல். சாதியோ தாழ்த்துவதற்கென்றே இருப்பது. அதைப் பூவோடு சேர்த்துப் பாதுகாத்தது பிறப்பை ஞானஸ்நானத்துக்கு மேல் வைத்த செயல். ஒரு மூட்டையை அவிழ்த்துத் தனித்தனியாகப் பார்த்திருந்தால் தஞ்சைச் சபை அவ்வளவு உடைந்திருக்க வேண்டியதில்லை. திருநெல்வேலியில் குடுமியைப் பற்றி எழுந்த சண்டையில் ராபர்ட் கால்டுவெல் இந்தப் பிரிப்பைச் செய்ய முயன்றார். மதம் மாறிய ஆண்கள் குடுமியைக் கத்தரிக்க வேண்டும் என்று சில மிஷனரிமார் வற்புறுத்த, அவர் 1867-ல் குடுமியைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதி, அது இந்த நாட்டார் முடி முடிக்கும் முறை, அவ்வளவுதான் என்று வாதாடினார். ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளையையும் இங்கே நினைக்கவேண்டும். வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற அவர், முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டாலும் கிருஷ்ணன் என்ற பெயரை விடவில்லை. "இரட்சணிய யாத்திரிகம்" பாடியவருக்கு அந்தப் பெயர் எந்த இடையூறும் செய்யவில்லை.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, "ஆகவே வெளித்தோற்றம் அற்பம், உள்ளமே எல்லாம்" என்று முடித்துக்கொள்ளத் தோன்றும். அப்படி முடிக்க விடாமல் தடுப்பது தோள்சீலைப் போராட்டம். தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது சாதி வழக்கம். லண்டன் மிஷன் சபைகளில் சேர்ந்த பெண்கள் உடுத்தத் தொடங்கினார்கள். 1820-களிலும் 1858–59-லும் அவர்கள் சந்தையிலும் வழியிலும் தாக்கப்பட்டார்கள், உடை கிழிக்கப்பட்டது, ஆலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1829-ஆம் ஆண்டின் அரச ஆணை குப்பாயத்தை, அதாவது தைத்த ரவிக்கையை, அனுமதித்தது. உயர்சாதிப் பெண்களைப் போல் தோளில் சீலை போடுவதைத் தடுத்தது. மானம் காப்பதற்குக் குப்பாயம் போதும் என்று மிஷனரிமாரில் பலர் நிறைவடைந்திருப்பார்கள். அந்தப் பெண்கள் நிறைவடையவில்லை. குப்பாயத்தின் மேல் சீலையும் போட்டார்கள். 1859 ஜூலையில் வந்த ஆணையும் அரைகுறையானதுதான். மறைக்கலாம், ஆனால் மேல்சாதியார் பாணியில் கூடாது என்றது. இதே காலத்தில் இதே நிலத்தில் கிறிஸ்தவத்துக்கு வெளியே அய்யா வைகுண்டர் (1809–1851) தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னதும் மறக்கத்தக்கதன்று. தலையில் துணி கட்டும் உரிமை இல்லாதிருந்தவர்களுக்கு அது துணி மட்டுமா?

அந்தப் பெண்களிடம் போய், "தங்கள் அடையாளம் கிறிஸ்துவுக்குள் இருக்கிறது, சீலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்று யாராவது சொல்லியிருந்தால் அது சுவிசேஷமாக இருந்திருக்காது, அரசாணைக்கு உதவியாகவே இருந்திருக்கும். விசுவாச அடையாளம் பற்றிய பேச்சுக்கு எதிராகச் சொல்லப்படும் மறுப்புகளில் மிக வலுவானது இதுவே. தோற்றத்தைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல, தோற்றத்தால் அவமதிக்கப்படாதவருக்கே எளிது. இந்த மறுப்பை முழுதாக ஏற்றுக்கொண்டே நான் பதில் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பெண்கள் சீலை போட்ட பிறகு மனிதர்களானவர்கள் அல்லர். தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று வேதபாடத்தில் கேட்டு, எழுத்துப் படித்து, திருவிருந்தில் கையேந்தி, தாங்கள் ஏற்கெனவே மகள்கள் என்று அறிந்ததால்தான் சீலையைக் கேட்டார்கள். நாகர்கோவில் மிஷனில் கற்ற பின்னல் வேலையால் கையில் கொஞ்சம் காசு வந்தது, பனைத்தொழிலில் முன்னேறிய குடும்பங்களின் செல்வாக்கும் துணை நின்றது, அவற்றையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும் எது முந்தியது, எது பிந்தியது என்பதில் ஐயமில்லை. உள்ளே கிடைத்த உறுதி வெளியே உரிமையாகக் கேட்கப்பட்டது. பூணூல் விஷயத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. வெளியே இருந்த மேன்மை உள்ளே கொண்டுவரப்பட்டது. துணி, நூல் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அவை வந்த திசையைப் பார்த்தால் ஒன்று சுவிசேஷத்தின் கனி, மற்றது அதன் மேல் போர்த்திய பழைய உடை.

தாம்பரத்துக்கே இந்த விவாதத்தில் ஒரு தனி இடம் உண்டு. 1837-ல் சிறு பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, தன் நூற்றாண்டில் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக் காட்டு வளாகத்துக்கு இடம் மாறியது. அடுத்த ஆண்டே, 1938 டிசம்பரில், சுமார் எழுபது நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய சர்வதேச மிஷனரி மாமன்றத்தின் மாநாடு அங்கே நடந்தது. அதற்கென்று டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய பெரிய நூல், சுவிசேஷம் எல்லா மதங்களிலிருந்தும் வேறுபட்டது என்று உரத்துச் சொன்னது. அதே ஆண்டில் சென்னையில் பி. செஞ்சையா, வே. சக்கரை உள்ளிட்டோர் சேர்ந்து கிறிஸ்தவத்தை இந்தியாவில் மறுபடி சிந்திக்கவேண்டும் என்ற கருத்தில் ஒரு நூல் வெளியிட்டார்கள். சபை அமைப்பு, சடங்கு, மேல்நாட்டுக் கோட்பாடு என்ற ஓடுகளுக்குள் கிறிஸ்து அடைபட்டிருக்கிறார், அவரால் மனிதன் புதுப்படைப்பாவதே மையம் என்பது செஞ்சையாவின் வாதம். சபை அமைப்பு அவ்வளவு அற்பமானது என்பதில் நான் அவரோடு உடன்படவில்லை. அமைப்பில்லாத விசுவாசம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவதில்லை. ஆனால் கிறிஸ்தவர் என்ற பெயர் ஒரு சமுதாயத்தின் முத்திரையாக, பள்ளிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் உதவும் சான்றாகச் சுருங்கிவிடக்கூடாது என்று அவர் எச்சரித்தது அப்போதையதைவிட இப்போது அதிகம் பொருந்துகிறது.

அந்தக் கல்லூரியிலிருந்து வெகு தூரமில்லை இரும்புலியூர். 1924-ல் இலங்கையில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் (இன்று தி பெந்தெகொஸ்தல் மிஷன்) இந்தியத் தலைமையிடம் அங்கேதான் இருக்கிறது. வருடாந்தரக் கன்வென்ஷன் நாள்களில் தாம்பரம் ரயில் நிலையத்தில் வெள்ளுடையே அலையடிக்கும். இந்தச் சபையும் இதை ஒத்த பெந்தெகொஸ்தே சபைகளும் நகையை விலக்குவதற்கு 1 தீமோத்தேயு, 1 பேதுரு நிருபங்களில் வரும் போதனைகளை ஆதாரமாகக் காட்டுகின்றன. அதில் உள்ள நன்மையைச் சபைக்கு வெளியே இருப்பவர்கள் பெரும்பாலும் உணர்வதில்லை. நகையே தகுதியாகிவிட்ட தமிழ்ச் சமூகத்தில், வீட்டில் பத்துப் பவுன் வைத்திருப்பவளும் அடகுக் கடைக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவளும் ஒரே பாயில் ஒரே வெள்ளைப் புடவையில் உட்கார்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது? ஏழைப் பெண்ணுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதே வெள்ளுடை நாளடைவில் தானே ஓர் அணிகலனாகவும் மாறமுடியும். கம்மல் போட்டவள் இரட்சிக்கப்படாதவள், தாலி கட்டியவள் அரைகுறை விசுவாசி என்று எடை போடுகிறபோது, நகை இருந்த இடத்தில் நகையின்மை ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பேதுரு சொன்னது அழியாத உள்ளான குணத்தைப் பற்றி. அது காதைப் பார்த்து அளக்கக்கூடிய ஒன்றாக இருந்தால் உள்ளான குணம் என்று சொல்லியிருக்கவே மாட்டார். நகை போடாததைத் தன் மனச்சாட்சியின் விரதமாக ஒருவர் காத்துக்கொள்வது மதிப்புக்குரியது. பிறருடைய இரட்சிப்பின் அளவுகோலாக அதை ஆக்குவது, பரங்கி உடையைக் கிறிஸ்தவத்தின் உடையாகக் கொண்ட அதே பிழைதான், வேறு நிறத்தில்.

விசுவாசம் உள்ளே இருப்பது என்றால் அதை யார் கண்டுபிடிப்பது என்ற அடுத்த மறுப்பு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அது விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. 1985-ல் சூசை வழக்கில், சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், இந்துத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மதம் மாறிய பின்னும் இழிவு அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று தோற்றார். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்த வழக்கில் நேர்மாறான காட்சி. ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஒருவரின் சாதிச் சான்றிதழை அதிகாரிகள் ரத்து செய்ததற்கு, அவர் கிறிஸ்தவரை மணந்ததும் மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்கியதும் காரணங்களாக இருந்தன. சிலுவை மாட்டியதாலோ ஆலயத்துக்குப் போனதாலோ ஒருவர் தன் மதத்தை விட்டுவிட்டார் என்று கொள்ள முடியாது என்று நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. 2024 நவம்பர் 26-ல் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கிலோ உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவர் வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லமுடியாது என்றது. அரசு குறிகளை வைத்துத்தான் தீர்ப்பளிக்க முடியும். அது அரசின் எல்லை. ஆனால் விசுவாசத்தை வாயால் சொன்னால் பிழைப்பு போகும் என்ற நிலையைச் சட்டமே உண்டாக்கிவிட்டு, பிறகு சொல்லாதவரைப் பொய்யர் என்பது நியாயமாகாது. பெட்டிக்கடை மறுக்கப்பட்டவரின் சாதி இழிவு ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துவிட்டதாக நினைக்க எந்த நியாயமும் இல்லை. சபைக்குள்ளேயே அது கரையவில்லை.

சபைக்குள்ளே கரையவில்லை என்பதற்குச் சான்று தேடி அலையவேண்டாம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரையும் மற்றவரையும் பிரித்து எழுப்பிய சுவர் உலகறிந்தது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், ஒரே ஆலயத்தின் தலித் கிறிஸ்தவருக்கும் வன்னியக் கிறிஸ்தவருக்கும் இடையில் இருந்த பூசல் 2008 மார்ச்சில் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். "கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை, ஆகவே சாதியைப் பற்றிப் பேசாதீர்கள்" என்று சொல்லி வாயடைப்பவர்கள் சபைகளில் உண்டு. விசுவாச அடையாளம் பற்றிய போதனை இப்படி ஒரு மூடியாகப் பயன்படுவதைப் பார்த்து, அந்தப் போதனையே வேண்டாம் என்று ஒடுக்கப்பட்டோர் பக்கத்திலிருந்து சிலர் சொல்வதில் வருத்தம் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அவர்களுக்கு நான் பவுலின் நிருபத்தையே மறுபடி காட்ட விரும்புகிறேன். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற கூற்றுக்கு ஓர் அதிகாரம் முன்னால், அந்தியோகியாவில் நடந்த ஒரு சாப்பாட்டுச் சண்டை இருக்கிறது. புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்தார். கிறிஸ்துவுக்குள் நாம் யார் என்ற போதனை அந்தப் பந்தியில் பிறந்தது. அதைத் தனிமனித உள்ளத்தின் இரகசியமாக ஒடுக்கி, பந்தி பிரிந்தே இருக்கட்டும் என்று விட்டால், பவுல் எதைக் கண்டித்தாரோ அதைப் பவுலின் வார்த்தையைக் கொண்டே காப்பாற்றியதாகும்.

இன்றைய புறநகரின் இளைஞருக்குச் சாதியோடு நிறமும் உடலும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. 1975-ல் சந்தைக்கு வந்த ஒரு களிம்பு தன் பெயரிலேயே வெண்மையையும் அழகையும் ஒன்றாகக் கட்டி வைத்து, 2020-ல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. அந்த நாற்பத்தைந்து ஆண்டில் கறுத்த பிள்ளைகளின் ஒரு தலைமுறை முழுக்கக் கண்ணாடியைக் கண்டு கூசி வளர்ந்தது. இன்று கைப்பேசித் திரை கண்ணாடியாகவும் நீதிபதியாகவும் இருக்கிறது. ஆங்கில ஆராதனைகளில் "கிறிஸ்துவுக்குள் உன் மதிப்பு" என்று அடிக்கடி பிரசங்கிப்பதைச் சுயமுன்னேற்றப் பேச்சு என்று மூத்தவர்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். அப்படி ஒதுக்குவதற்கில்லை. முகப்பருவுக்காகவும் எடைக்காகவும் தன்னை வெறுக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு, உன்னைப் படைத்தவர் உன்னைப் பார்த்து மகிழ்கிறார் என்ற செய்தி உயிர் காக்கும் செய்தி. என் குறை வேறு. அந்தப் பிரசங்கம் பிள்ளையின் தன்மதிப்போடு நின்றுவிடுகிறது, பிள்ளையின் பெற்றோர் வரன் தேடும் இடம் வரை போவதில்லை. "சி.எஸ்.ஐ. நாடார்", "ஆர்.சி. வன்னியர்", "சிவந்த நிறமுள்ள பெண் தேவை" என்ற கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களை யார் எழுதுகிறார்கள்? ஞாயிறுதோறும் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு ஆமென் சொல்கிறவர்களே எழுதுகிறார்கள்.

அடையாளக் குறிகளே இல்லாத விசுவாசம் இந்த உலகத்தில் இருக்க முடியாது என்பதை மறுப்பவனல்ல நான். தண்ணீர், அப்பம், திராட்சரசம் என்ற குறிகளின் மேல்தான் சபை நிற்கிறது. அவை யாரையும் மேலே ஏற்றுவதுமில்லை, கீழே இறக்குவதுமில்லை. எல்லோருக்கும் ஒரே தண்ணீர், ஒரே அப்பம். ஞானஸ்நான ஆராதனையில் கேட்கப்படும் கேள்விகளில் சாதி இல்லை, நிறம் இல்லை, எத்தனை பவுன் என்பதும் இல்லை. செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் பகுதிச் சபைகளின் ஆயர்களுக்கும் மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. அந்தக் கேள்விகளில் இல்லாததைத் தங்கள் சபையின் வரன் பதிவேட்டிலும் கேட்காதீர்கள். சாதிக்கென்றும் நிறத்துக்கென்றும் அதில் இடம் விட்டிருந்தால், இந்த ஆண்டே அடித்துவிடுங்கள்.